குறைந்த செலவில் கார் ரேஸ் ஓட்ட எந்தக் கார் சரிப்படும்? பழைய ஸ்விஃப்டை மாற்றி ஓட்டலாமா?

கோவையில் ஒரு சின்ன ரேஸ் டீமில் சில சீசன் மெக்கானிக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்விஃப்டை விட்டுவிடுங்கள். ரேஸுக்கென்றே கட்டிய, எல்லோரும் ஒரே மாதிரிக் கார் ஓட்டுகிற வகுப்பில் சேருங்கள்.

கார் வாங்கும் விலையைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ரேஸில் பணம் கரைவது இடி வாங்கிய பிறகு. பத்து கார் ஒரே வளைவுக்குள் நுழைந்தால் உரசல் நடக்கத்தான் செய்யும். ரோட்டுக் காரை மாற்றியிருந்தால் ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கம்பிக்கூண்டு), சீட் மவுண்ட், சஸ்பென்ஷன் எல்லாம் அந்த ஒரு வண்டிக்கென்று அளவெடுத்துச் செய்தவை. சக்கரத்தைத் தாங்கும் ஒரு சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்தால் மறுபடி லேத், வெல்டர், அலைன்மென்ட் என்று அலைய வேண்டும். அந்த வார ரேஸ் போச்சு. எல்லாம் ஒரே அளவில் வரப் பிடித்துக்கொள்ளும் ஜிக்கில் வைத்து வரிசையாகக் கட்டிய கார் என்றால், வளைந்த விஷ்போனை (V வடிவ சஸ்பென்ஷன் ஆர்ம்) கழற்றிப் போட்டு வேறொன்றை முடுக்கினால் மதிய ரேஸுக்கு இறங்கலாம். கையில் ஸ்பேர் இல்லையா, பக்கத்து டீமிடம் கேட்கலாம். அவர்கள் காரும் அதேதான். எந்தக் கார் மலிவு என்று என்னைக் கேட்டால், இடித்த பிறகு சீக்கிரம் எழுந்து நிற்கிற காரைத்தான் காட்டுவேன்.

நம் ஊரில் இதை முதலில் செய்து காட்டியவர் கோவை கரிவரதன். ரேஸ் என்றால் சோழவரம் பழைய விமான ஓடுதளம் என்றிருந்த காலத்தில், வெளிநாட்டுப் பந்தயக் காரை வரவழைக்க முடிந்தவரால்தான் முன்னால் போக முடிந்தது. கரிவரதன் 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் இன்ஜினை எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கோவையிலேயே கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. வெறும் 796 சிசி, மூன்று சிலிண்டர். கேஸ்கெட்டும் கிளட்ச் பிளேட்டும் எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும்! அந்தச் சின்ன இன்ஜின்தான் நல்ல வாத்தியார். வளைவில் வேகத்தை விட்டுவிட்டால் நேர்கோட்டில் அதை மீட்டுத் தர அதற்குத் தெம்பு கிடையாது, அதனால் ஓட்டுகிறவன் வளைவில் ஒழுங்காக ஓட்டக் கற்றே ஆக வேண்டும். நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் இந்தக் காரைத் தாண்டித்தான் ஃபார்முலா 1 வரை போனார்கள். 1995-இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்துபோனார். இன்னும் சில வருடம் இருந்திருந்தால் என்னென்ன கட்டியிருப்பாரோ என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது. செட்டிபாளையம் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் வழியில் கோவையில் வந்தவைதான் எல்ஜிபி ஃபார்முலா கார்கள்; எல்ஜிபி என்பது கோவை நிறுவனம் ஒன்றின் பெயர், கார்கள் ஒற்றை இருக்கைக்காரை. இன்ஜின் சுசூகி, எல்லோருக்கும் ஒரே டயர். புதிதாக வருகிறவருக்கு என் முதல் சிபாரிசு எல்ஜிபி ஃபார்முலா 4. சஸ்பென்ஷன், டயர் காற்று போன்ற செட்டப்பை மாற்றினால் கார் எப்படி மாறுகிறது என்பதை இது போல வேறெதுவும் காட்டாது.

தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. 2010-இல் ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் போலோ கப் தொடங்கியது. கம்பெனியே ரேஸுக்குத் தயார் செய்த டீசல் போலோக்கள். காரும் மெக்கானிக்கும் அவர்களுடையது, கட்டணம் கட்டியவர் ஹெல்மெட்டோடு வந்து ஓட்டினால் போதும் என்றிருந்தது. இப்படிப்பட்ட போட்டியில் சேர்ந்தால் இடித்த சேதத்துக்கு யார் பொறுப்பு, எவ்வளவு வரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்ட நினைப்பவருக்கு இதுதான் வசதி. ஆனால் ஸ்பேனர் பிடிக்கக் கற்க முடியாது, எனக்கு அது பெரிய குறைதான்.

எதில் போனாலும் முதலில் பயிற்சிப் பள்ளி, பிறகு இந்திய மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் லைசென்ஸ். கையில் இருக்கும் பணத்தில் தரமான ஹெல்மெட், தீப்பிடிக்காத ஓவரால், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் மூன்றுக்கும் முதலில் ஒதுக்குங்கள். மிச்சம் டயருக்கும் பிராக்டிஸுக்கும். முதல் வருடம் கார் வாங்கவே வேண்டாம், ஒரு டீமில் வாடகைக்கு சீட் எடுங்கள்.

பிறகு பழைய எல்ஜிபி கார் வாங்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சஸ்பென்ஷன் ஆர்ம்கள் சேசிஸில் சேரும் இடங்களைத் துடைத்து, வெல்டிங்கில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வீல்பேஸை, அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை, டேப் வைத்து அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.