இரவல் போசியும் தொழுகையும்

ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறேன். டீ நேரத்தில் ஒருவர், கிறிஸ்தவத்தில் ஏசுவை நம்பினால் போதும், எப்படியும் வாழலாம், இஸ்லாத்தில் தொழுகை, நோன்பு, ஜகாத் (கட்டாய தர்மம்) என்று கணக்கைச் சரியாகக் கட்டினால் சொர்க்கம் என்றார். கூட இருந்த பாய்க்கும் சர்ச்சுக்குப் போகும் அண்ணனுக்கும் முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது சரிதானுங்களா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

இரண்டுமே தப்பு. அவர்கள் முகம் சுருங்கியது நியாயம்தான்.

கிருபையினாலே (கடவுளின் கருணையால்), விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் (செயல்களால்) அல்ல என்று பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எபேசு சபையாருக்கு எழுதியதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வசனமே நற்கிரியை செய்யத்தான் நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. அதே பைபிளில் தன் நிருபத்தில் (கடிதத்தில்) யாக்கோபு இன்னும் நேராகப் பேசுகிறார்: துணியும் சோறும் இல்லாதவனிடம் 'சமாதானமாய்ப் போ, பசியாறு' என்று வெறும் வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம்? புராட்டஸ்டன்ட் பிரிவைத் தொடங்கிவைத்த லூத்தர், விசுவாசத்தையே வலியுறுத்தியவர், 1522-ல் யாக்கோபின் இந்த நிருபத்தை வைக்கோல் என்றவர்தான், ஆனால் விசுவாசம் சும்மா இருக்காது, செய்யலாமா என்று கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்றும் அதே வருடம் எழுதினார்.

இஸ்லாத்துக்கு வருவோம். குர்ஆனில் 'ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டு நற்செயல் செய்பவர்கள்' என்று இரண்டும் ஒட்டியே திரும்பத் திரும்ப வரும். அதற்காக இது கூலிக் கணக்கு இல்லை. யாரையும் அவருடைய செயல் மட்டும் காப்பாற்றாது என்று நபிகள் சொன்னபோது, உங்களையுமா என்று கேட்டார்கள். என்னையும்தான், அல்லாஹ் தன் கருணையால் என்னைப் போர்த்திக்கொண்டால் தவிர என்றார். நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. கிறிஸ்தவருக்கு அந்தக் கருணை சிலுவையில் ஏற்கெனவே வந்துவிட்டது, நற்செயல் அதன் கனி. இஸ்லாத்தில் ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது, மறுமையில் தராசு உண்டு. ஆனால் இரண்டிலும் கடைசியில் கை நீட்டுவது கருணையை நோக்கித்தான்.

குர்ஆனின் 107-வது அத்தியாயம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏழே வசனம். அனாதையை விரட்டுகிறவன்தான் மார்க்கத்தைப் பொய்யாக்குகிறவன் என்று தொடங்கி, தொழுதும் பிறர் பார்க்கவென்று தொழுது, மாஊனைக் கொடுக்க மறுப்பவர்களுக்குக் கேடு என்று முடியும். மாஊன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்கும் சட்டி, வாளி மாதிரிச் சின்னச் சாமான்கள் என்று விளக்குவார்கள்.

சின்ன வயதில் பவானியில் எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் ராவுத்தர் வீட்டுக்குத்தான் என்னைப் பெரிய போசி (சமையல் பாத்திரம்) இரவல் வாங்க அனுப்புவார்கள். அந்த அம்மா தொழுகைப் பாயைச் சுருட்டிக்கொண்டே எழுந்து வந்து, போசியைத் தன் முந்தானையாலேயே துடைத்துத் தருவார். தொந்தரவு பண்ணிட்டேனுங்களா என்றேன் ஒருநாள். "இதுவும் அதுலதான் சேத்தி கண்ணு, பாத்துத் தூக்கிட்டுப் போ" என்றார்.