மட்டக்களப்பில் நாற்காலியை ஏன் 'கதிரை' என்கிறோம்? அது தமிழ்ச் சொல்லா?

தமிழ் இல்லை, போர்த்துக்கீசம். போர்த்துக்கீசரின் 'கதெய்ரா'தான் நம் வாயில் கதிரையானது. 1628இல் இங்கே புளியந்தீவில் கோட்டை கட்டியவர்கள் பத்தே வருடத்தில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் மொழி போகவில்லை. இங்குள்ள பறங்கியரில், அதாவது ஐரோப்பியர் வழிவந்தவர்களில், வயதானவர்கள் சிலர் வீட்டில் இன்னும் ஒருவகைப் போர்த்துக்கீசம் பேசுகிறார்கள்.

சரி, 'கதெய்ரா' எங்கிருந்து வந்தது? லத்தீனின் 'கதீத்ரா'விலிருந்து. லத்தீனுக்கு அதைக் கொடுத்தது கிரேக்கம். ஆயரின் ஆசனத்துக்கும் அதே பெயர் என்பதால், அந்த ஆசனம் இருக்கும் கோயில் கதீட்ரல் ஆனது. ஆங்கிலத்தின் 'செயார்' கூடப் பிரெஞ்சு வழியாக வந்த அதே சொல்தான். ஆக, "கதிரை எண்டு சொல்லாதே, செயார் எண்டு சொல்லு" என்று பிள்ளையைத் திருத்துகிறவர்கள் தம்பியை விட்டு அண்ணனைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நாற்காலி நமக்குப் பாடப்புத்தகச் சொல். பேச்சில் சாய்மனைக் கதிரை, பிளாஸ்டிக் கதிரை, விளையாட்டுப் போட்டியில் சங்கீதக் கதிரை. தேர்தல் வந்தால் கதிரைச் சண்டை வேறு. மேசையும் அலுமாரியும் இதே வழியில் வந்தவைதான்.