முற்றத்துக் கறுப்பெறும்பு: கம்போனோட்டஸா, பொலிராக்கிஸா?

மட்டக்களப்பு வளவுகளில் மாமரம் ஏறித் திரியும் பெரிய கறுப்பெறும்பெல்லாம் ஒரே கட்டெறும்புதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கம்போனோட்டஸ், பொலிராக்கிஸ் என்ற இரண்டு எறும்புப் பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் குழுக்கள்) அவற்றில் உண்டு. எறும்பு ஒன்றைச் சின்னப் போத்தலில் பிடித்து 5 நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள், ஓட்டம் அடங்கிவிடும். பிறகு 10 மடங்கு கைவில்லையால் பக்கவாட்டில் பாருங்கள். நடுவுடலின் (கால்கள் பொருந்திய பகுதி) முதுகு முள்ளில்லாமல் ஒரே வளைவாக இறங்கினால் பெரும்பாலும் கம்போனோட்டஸ். நடுவுடலிலோ இடுப்புக் கணுவிலோ (நடுவுடலையும் வயிற்றையும் இணைக்கும் சிறு கணு) முள் நீட்டி, வயிற்றின் முதல் தகடு வயிற்றில் பாதிக்குமேல் மூடியிருந்தால் பொலிராக்கிஸ். நிறத்தை நம்பவே வேண்டாம்.

பலர் சறுக்குவது டயகாமா என்ற இன்னொரு எறும்புப் பேரினத்தில். அதற்கும் இடுப்புக் கணுவில் இரண்டு முள் உண்டு. ஆனால் உடம்பெல்லாம் கைரேகை போல நெருங்கிய வரிகள். கொடுக்கும் உண்டு (கையில் எடுத்தால் உடனே தெரியும்). முந்தைய இரண்டுக்கும் கொடுக்கில்லை, கடித்து அமிலம் பீச்சும்.