ஹோமேஜ் வாட்ச்: காப்பியா, மரியாதையா? சில கேள்விகளும் என் பதில்களும்

பழைய வாட்ச்களைப் பிரித்துப் பூட்டுவது எனக்குப் பல வருடப் பொழுதுபோக்கு. தொழில் கிடையாது, அதனால் எந்தக் கம்பெனியையும் தாங்கிப் பேசத் தேவையில்லை. ஹோமேஜ் வாட்ச் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: பேர்பெற்ற, விலை உயர்ந்த ஒரு வாட்ச்சின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு, டயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டு வேறொரு கம்பெனி மலிவாக விற்பதுதான் ஹோமேஜ். மரியாதை செலுத்துவது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தில் கொஞ்சம் சர்க்கரை தடவியிருக்கிறார்கள். நான் காப்பி என்றே சொல்வேன். அதைக் கட்டுகிறவரை இளக்காரம் செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் கட்டியவன்தான்.

கேள்வி: ஹோமேஜுக்கும் போலிக்கும் என்னதான் வித்தியாசம்? இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

டயலில் 12 மணிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ரோலக்ஸின் கிரீடமும் பெயரும் இருந்து, அதை ரோலக்ஸ் செய்யவில்லை என்றால் அது போலி. இன்விக்டா, ஸ்டெய்ன்ஹார்ட், பகானி டிசைன், சான் மார்ட்டின் என்று செய்தவரின் பெயரே இருந்தால் ஹோமேஜ். போலி செய்வதும் விற்பதும் குற்றம். பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் வாங்கியவருக்கே அபராதம் போட முடியும்.

இதற்கு நடுவில் ஒரு ரகம் உண்டு. ஜப்பானின் செய்கோ (Seiko) வாட்ச்சை வாங்கி டயல், முள், பெசல் (முகத்தைச் சுற்றியிருக்கும் வளையம்) எல்லாம் மாற்றி விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல விளையாட்டுதான். ஆனால் எங்கோ அச்சடித்த டயலில் 'செய்கோ' என்று போட்டுக் கொடுத்தால் அந்த டயல் போலிதான். மலிவான பெயர் என்பதால் இதை யாரும் கண்டுகொள்வதில்லை.

கேள்வி: அண்ணா, அப்படியே உரித்து வைத்ததுபோலச் செய்கிறார்கள். கேஸ் போட மாட்டார்களா? சட்டம் எப்படி விடுகிறது?

பெயருக்கும் வடிவத்துக்கும் சட்டத்தில் ஆயுள் வேறு. வடிவமைப்பைப் பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகபட்சம் 25 வருடம் பாதுகாப்பு. அமெரிக்காவில் டிசைன் பேட்டன்ட் கிடைத்த நாளிலிருந்து 15 வருடம். அதற்குப் பிறகு அந்த உருவம் பொதுச்சொத்து. ரோலக்ஸின் டைவிங் வாட்ச்சான சப்மரைனர் 1953-ல் பிறந்தது என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வர்த்தகப் பெயரோ புதுப்பித்துக்கொண்டே இருந்தால் சாகாது. அதனால்தான் காப்பி அடிக்கிறவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்தக் கிரீடத்தை மட்டும் தொடாமல் விடுகிறார்கள்.

ஆனால் 'வடிவத்துக்கு யாரும் கேட்க முடியாது' என்று சிலர் அடித்துப் பேசுவது தவறு. ஒரு தோற்றத்தைப் பார்த்த உடனே இது இன்னார் பொருள் என்று மக்களுக்குத் தெரிகிற அளவுக்கு அது ஊறிப்போயிருந்தால், அமெரிக்கச் சட்டம் அந்தத் தோற்றத்தையே வர்த்தக அடையாளமாக எடுத்துக்கொள்ளும். ஃப்ளோரிடாவில் ஓடமார் பிகே என்ற சுவிஸ் கம்பெனி, ஸ்விஸ் லெஜண்ட் என்ற பெயரில் வந்த வாட்ச்கள் மேல் இப்படித்தான் வழக்குப் போட்டு 2014-ல் ஜெயித்தது. அந்த வாட்ச்களில் சொந்தப் பெயர்தான் இருந்தது. ஓடமார் பிகேயின் ராயல் ஓக் என்ற வாட்ச்சின் எண்கோண முகத்தை எடுத்துக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

கேள்வி: ரோலக்ஸே மற்றவர்களைப் பார்த்துத்தானே செய்தது? அப்புறம் இவர்களை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

1953-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் பயன்படுத்திய பிளான்பேனின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் அந்த வருடம் வந்தது. ஸோடியாக்கின் ஸீ வுல்ஃப் அதே வருடம். சப்மரைனரும் அதே வருடம்தான், அடுத்த ஆண்டு பேசல் கண்காட்சியில் காட்டினார்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். யார் யாரைப் பார்த்தார்கள் என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. தண்ணீருக்கு அடியில் வெளிச்சம் குறைவு, அதனால் கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பெரிய புள்ளிகள். இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் திருப்பி வைக்கும் பெசல். வேலைதான் உருவத்தைத் தீர்மானித்தது. அந்த அளவில் ஒருவர் டைவிங் வாட்ச் செய்தால் நான் அதைக் காப்பி என்று சொல்லமாட்டேன்.

இன்னும் தெளிவான உதாரணம் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானப்படை வாட்ச். 55 மில்லிமீட்டர் அகலம், கறுப்பு டயல், 12 மணி இடத்தில் முக்கோணம். லாங்கே, ஐ.டபிள்யூ.சி., லாகோ, ஸ்டோவா, வெம்பே என்று ஐந்து பேர் செய்தார்கள், அரசு கொடுத்த ஒரே அளவுக் குறிப்பின்படி. அந்த முகம் இன்னார் வீட்டுச் சொத்து என்று யார் சொல்ல முடியும்?

சரி, இப்போது சப்மரைனருக்குத் திரும்புவோம். தேதிக்கு மேலே ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒட்டியிருக்கும், சைக்ளாப்ஸ் என்பார்கள். ஆழத்தில் இருக்கிறவனுக்குத் தேதி எதற்கு? மணி முள்ளின் நுனியில் வட்டத்துக்குள் மூன்று கோடுகள், பென்ஸ் கார் சின்னம் மாதிரி. அது இல்லாவிட்டால் யாரும் மூழ்கிவிடமாட்டார்கள். இவையெல்லாம் தேவைக்காக வந்தவை இல்லை, ரோலக்ஸின் முகஜாடை. இவற்றையும் சேர்த்து எடுத்தால் அது ஈயடிச்சான் காப்பி. விடைத்தாளில் செத்து ஒட்டியிருந்த ஈயையும் விடாமல் எடுத்து எழுதிய கதைதான்.

ராயல் ஓக் இன்னும் ஒரு படி மேலே. ஜெரால்ட் ஜென்டா என்ற வடிவமைப்பாளர் வரைந்து 1972-ல் வந்தது. பழைய முக்குளிப்பாளர் தலைக்கவசத்தின் திருகுகளைப் பார்த்து எண்கோணத்தில் எட்டுத் திருகை வைத்தார். மணி பார்க்க எட்டுத் திருகு தேவையே இல்லை. அது முழுக்க ஒரு மனிதரின் கற்பனை. எனவே சப்மரைனர் மாதிரி செய்வதையும் ராயல் ஓக் மாதிரி செய்வதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். முதலாவதில் பாதி பொதுச்சொத்து. இரண்டாவதில் அப்படி எதுவும் கிடையாது.

கேள்வி: உள்ளே இருக்கும் மூவ்மென்ட் (வாட்ச்சை ஓட்டும் இயந்திரம்) நம்பும்படி இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். இது பலருக்கு ஆச்சரியம். நிறைய ஹோமேஜ்களில் செய்கோ குழுமத்தின் என்.எச்.35 என்ற மூவ்மென்ட் இருக்கும். மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. முழுச் சாவி கொடுத்து வைத்தால் சுமார் 41 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 20 நொடி குறையலாம், 40 நொடி கூடலாம் என்பது செய்தவர்களே எழுதிக் கொடுக்கிற எல்லை. நான் பார்த்த அளவில் அதைவிட நன்றாகவே ஓடுகின்றன. கொஞ்சம் மேலே போனால் மியோட்டா 9015, மணிக்கு 28,800 துடிப்பு, செகண்ட் முள் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். ரோலக்ஸ் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை ஒரு நாளைக்குக் கூடக் குறைய 2 நொடி. தோற்றத்தை எடுக்கலாம், இதை எடுக்க முடியாது.

ஒரு வசதி: என்.எச்.35 கெட்டுப்போனால் பழுது பார்ப்பதைவிட முழு மூவ்மென்ட்டையே தூக்கிப்போட்டு வேறொன்றை வைப்பது பல நேரம் சிக்கனம்.

கேள்வி: 300 மீட்டர் என்று போட்டிருக்கிறது. கட்டிக்கொண்டு நீந்தலாமா?

டைவிங் வாட்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரச் சான்று இருந்தால், ஒவ்வொரு வாட்ச்சையும் எழுதியிருப்பதைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்திருக்க வேண்டும். வெறும் '300 மீட்டர்' என்ற எழுத்து அந்தச் சான்று ஆகாது. என்னுடைய ஒன்றில் கிரௌனை (சாவி கொடுக்கும் பக்கத் திருகை) இறுக்கி மூடித்தான் குளித்தேன். மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி. பிரித்துப் பார்த்தால் கிரௌனுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையமே இல்லை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. வாங்கியதும் அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: யாராவது 'ரோலக்ஸா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இப்போது கேட்க ஆளில்லை, ஏனென்றால் நான் கட்டியிருந்த ஹோமேஜைக் கழற்றிவிட்டேன். மூன்று வருடம் கட்டினேன். முதலில் 'இல்லைங்க, இது வேற' என்று உடனே சொல்லிவிடுவேன். பிறகு ஒருமுறை, எதிரில் இருந்தவர் முகத்தில் மரியாதை கூடுவதைப் பார்த்ததும் பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேன். அன்று ராத்திரி அந்தச் சிரிப்புத்தான் உறுத்தியது. வாட்ச் பொய் சொல்லவில்லை, டயலில் அதன் பெயர் பளிச்சென்று இருந்தது. பொய் சொன்னது நான். சட்டையின் கையை இழுத்து மறைக்காமல், கேட்டால் பெயரைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம் இல்லை என்றால் தாராளமாகக் கட்டுங்கள்.

கேள்வி: ஸ்வாட்சும் ஒமேகாவும் சேர்ந்து ஒரு வாட்ச்சை வெளியிட்டார்களே, அதுவும் ஹோமேஜா?

இல்லை. 2022 மார்ச்சில் வந்த மூன்ஸ்வாட்ச், ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் முகத்தோடு உள்ளே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். இரண்டு கம்பெனியும் ஒரே குழுமம். வீட்டுக்காரரே தன் வாசலில் கடை போட்ட மாதிரி. ரோலக்ஸின் தம்பி கம்பெனியான ட்யூடர் 1954-லேயே தன் சப்மரைனரை இப்படித்தான் விற்றது: ரோலக்ஸ் கூடு, வெளியே வாங்கிய மூவ்மென்ட்.

கேள்வி: சீன வாட்ச் என்றாலே காப்பிதானே?

ஸீகல் கம்பெனியின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வீனஸ் 175 என்ற சுவிஸ் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்) மூவ்மென்ட் செய்யும் இயந்திரங்களை 1961-ல் சீனா காசு கொடுத்து வாங்கியது. டியன்ஜின் நகரில் தங்கள் விமானிகளுக்காக அதில் வாட்ச் செய்தார்கள். அந்த வழியில் வந்த ஸீகலின் எஸ்.டி.19 மூவ்மென்ட் இன்றைக்கும் சாவி கொடுத்தால் ஓடுகிறது, பின்பக்கக் கண்ணாடி வழியே அதன் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இது திருட்டு இல்லை, கைமாறிய சொத்து. இவ்வளவு கைவசம் இருந்தும் ஏன் இன்னொருவர் முகத்தைத் தேடிப் போகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: நீங்கள் எவ்வளவு நியாயம் பேசினாலும் இது ஒரு வடிவமைப்பாளரின் உழைப்பைத் திருடுவதுதான். ஒப்புக்கொள்ளுங்கள்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். 2012-ல் ஆப்பிள் தன் ஐபேடில், சுவிஸ் ரயில்வேக்காக ஹான்ஸ் ஹில்ஃபிகர் 1944-ல் வரைந்த நிலையக் கடிகாரத்தின் முகத்தைக் கேட்காமல் போட்டுக்கொண்டது. ரயில்வே விடவில்லை, கடைசியில் ஆப்பிள் பணம் கட்டி உரிமம் வாங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அது பொருந்தும் என்றால் மற்றவர்களுக்கும் பொருந்த வேண்டும்தான்.

ஆனால் என் கோபம் ரோலக்ஸுக்காக இல்லை. சப்மரைனர் மாதிரி நூறு வந்தாலும் ரோலக்ஸ் வாங்கக் காத்திருக்கும் வரிசை குறையப் போவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக யோசித்து ஒரு டயலைக் கொண்டுவருகிறார்கள், சில மாதங்களில் அதே டயல் வேறு பெயரில் கால் விலைக்கு வருகிறது. வழக்குப் போட அவர்களிடம் பணம் கிடையாது. நான் திருட்டு என்று சொல்வது இதைத்தான். அப்படிப்பட்டதை இனாமாகக் கொடுத்தாலும் கட்டமாட்டேன்.

கேள்வி: முதல் ஆட்டோமேட்டிக் (கை அசைவில் தானே சாவி ஏறும் வாட்ச்) வாங்கப் போகிறேன். ஹோமேஜ் வேண்டாம் என்றால் வேறு என்ன?

செய்கோவுக்கு 1965-லேயே சொந்த டைவிங் வாட்ச் உண்டு. ஓரியன்டிலும் கட்டுபடியாகும் விலையில் சொந்த முகங்கள் இருக்கின்றன. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாவிட்டால், 2019-ல் வந்த கேசியோ ஜி.ஏ.2100-ஐப் பாருங்கள். எண்கோணம் என்பதால் ராயல் ஓக்கோடு சேர்த்துக் 'கேசியோக்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் 1983-ன் முதல் ஜி-ஷாக்கிலேயே அந்த எண்கோணச் சாயல் இருந்தது. பாவம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் ஹோமேஜை விற்கப் போகிறேன். விளம்பரத்தில் 'சப்மரைனர்' என்று போட்டால் சீக்கிரம் போகும் என்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். டயலில் என்ன பெயர் இருக்கிறதோ அதைப் போடுங்கள். டயலையும் பின்மூடியையும் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுங்கள், எப்போது வாங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை நொடி கூடுகிறது என்று எழுதுங்கள். வாங்கிய விலை திரும்பக் கிடைக்காது, பாதி வந்தாலே சந்தோஷப்படுங்கள்.