விரல் மடங்கவில்லை, வேலையை விடவா?

கேள்வி: எனக்கு வயது 28, இன்னும் திருமணம் ஆகவில்லை. குன்னூரில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு மாதமாக விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்குகின்றன. காலையில் ஒன்றரை மணி நேரம் விரலை மடக்க முடியாது. முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. எழுதிக்கொடுத்தார்கள். பக்கவிளைவுக்குப் பயந்து இன்னும் தொடங்கவில்லை. வலி மாத்திரையில் ஓட்டுகிறேன். 'எல்லாம் மலைக் குளிரால் வந்தது, வேலையை விட்டுவிட்டுக் கீழே போய்விடு' என்கிறார் அம்மா. விஞ்ஞானி டோரத்தி ஹாட்ஜ்கினுக்கும் இதே நோய்தானாமே, அவர் எப்படிச் சமாளித்தார்?

பதில்: ஆமாம், இதே நோய்தான். 1938-இல், முதல் குழந்தை பிறந்த பிறகு, உங்கள் வயதில்தான் அவருக்குக் கடுமையாகத் தாக்கியது. பென்சிலினின் அமைப்பை 1945-இல் கண்டது, 1964-இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கியது, 1969-இல் இன்சுலினின் அமைப்பை வெளிக்கொண்டுவந்தது எல்லாம் அதற்குப் பிறகு. மன உறுதியால் சாதித்தார் என்று எழுதிவிட்டுப் போவார்கள். மன உறுதி இருந்தது, சரி. அதனால் மூட்டு வீக்கம் வடியாது. உங்களுக்கு உதவக்கூடியது வேறொரு செய்தி. மூலக்கூறுகளின் அமைப்பைக் காணப் பயன்படுத்திய எக்ஸ்ரே கருவியின் சுவிட்சை விரலால் இயக்க முடியாமல் போனபோது, அதில் நீளமான கைப்பிடி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். நெம்புகோல் நீண்டால் விரலுக்கு வேலை குறையும், அவ்வளவுதான்.

அவர் கைகள் கோணிப்போனதையும் சொல்லியாக வேண்டும். மூட்டு அரிப்பை நிறுத்தும் நல்ல மருந்து 1938-இல் கிடையாது. முடக்குவாதத்துக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்ததே 1948-இல்தான்; மெத்தோட்ரெக்ஸேட் பரவலானது 1980-களில். அவருக்குக் கிடைக்காத அந்த மாத்திரையை நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். வலி மாத்திரை வலியை மட்டும் மறைக்கும், உள்ளே எலும்பு அரிபடுவது நிற்காது. முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில்தான் அரிப்பு வேகமாக நடக்கும். எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இந்த மருந்தில் நடக்கும் பெரிய ஆபத்து, வாரம் ஒருமுறை விழுங்க வேண்டியதைத் தினமும் விழுங்கிவிடுவது. வாய்ப்புண்ணில் தொடங்கி, ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே வந்துவிடும். ஒரு கிழமையை முடிவு செய்து, அதை அட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள். 15 மி.கி. என்பது ஒரே மாத்திரையாகவும் வரும், 7.5 மி.கி. இரண்டாகவும் வரும், 2.5 மி.கி. ஆறாகவும் வரும். கடைக்காரர் கம்பெனியை மாற்றிக் கொடுத்தால் எண்ணிக்கையைத் திரும்பக் கணக்கிடுங்கள். பக்கவிளைவைக் குறைக்கச் சேர்த்துக் கொடுக்கும் ஃபோலிக் அமிலம் வேறு கிழமையில். மெத்தோட்ரெக்ஸேட் போட மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் போடலாம். அதற்கு மேல் போனால் அந்த வாரம் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடக்கூடாது.

தொடங்கும் முன் ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகள், ஒரு மார்பு எக்ஸ்ரே. பிறகு முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இதற்காக ஒவ்வொரு தடவையும் கோவைக்கு மலைப்பாதை இறங்க வேண்டாம். குன்னூரிலேயே எடுத்து, அறிக்கையைப் போனில் அனுப்பலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையை நிறுத்திவிட்டு அவரைக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமாக்ஸசோல் எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் போடுவதைச் சொல்லி மாற்றி வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரமே 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இது குளிரால் வரும் நோயே கிடையாது, கோவையிலும் வரும். குளிரில் விறைப்பு கூடுதலாகத் தெரியும், உண்மைதான். எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பத்து நிமிடம் கைகளை வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். வெளியே கிளம்பும் முன்பே கையுறை போடுங்கள், விரல் ஜில்லிட்ட பிறகு போட்டுப் பயனில்லை. விரல் வெள்ளையாகி நீலமானால் அதைத் தனியாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்கும் பழக்கம் நம் மலையில் இன்னும் போகவில்லை. மூட்டுக்கு இதமாக இருக்கும் என்று நீங்களும் அதைச் செய்யாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

வேலையை விட வேண்டாம். மண் சல்லடையைத் தூக்குவதை விட்டு மேசைமேல் வைத்து ஆட்டுங்கள். பாட்டில் மூடியை விரல் நுனியால் திருகாமல், ரப்பர் துண்டைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் தோளால் திருப்புங்கள். பேனாவிலும் கரண்டியிலும் சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பிடியைப் பருமனாக்குங்கள். நுணுக்கமான அளவீடுகளைப் பத்து மணிக்கு மேல் தள்ளிவைக்க மேலாளரிடம் கேளுங்கள். முதல் மணி நேரத்தில் பதிவேடு பார்க்கலாம்.

திருமணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் கெடுக்கும். அதைப் போடும் காலத்தில் கருத்தடை கட்டாயம். குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் மூன்று மாதம் முன்பே மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். இதே நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்ற மருந்தைக் கர்ப்பத்திலும் தொடரலாம். பிரசவத்துக்குப் பின் நோய் திரும்பக் கிளம்புவது சகஜம், அதற்கு மருத்துவரிடம் முன்கூட்டியே திட்டம் வேண்டும். ஹாட்ஜ்கினும் நோய் வந்த பிறகு இன்னும் இரண்டு குழந்தைகளைப் பெற்றார்.