கடையில் நிற்பது யார்?

கேள்வி: எனக்கு 22 வயது, ஊர் களுவாஞ்சிக்குடி. ஏ.எல். (உயர்தரம்) கணிதப் பிரிவில் படித்தேன். அப்பாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். அதனால் பலசரக்குக் கடையை நான்தான் பார்க்கிறேன். எலக்ட்ரிக் கிட்டாரில் ஸ்வீப் பிக்கிங் (பிக் என்ற சின்னத் தகட்டை ஒரே இழுப்பில் பல கம்பிகள் மேல் இழுத்து வாசிப்பது) பழகி ஒரு வருடமாகிறது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜேசன் பெக்கர் மாதிரி வாசிக்க ஆசை. தினமும் பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை பழகுகிறேன், அந்த நேரம் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கிற தம்பி கடையில் நிற்பான். ஆனாலும் வேகம் கூட்டினால் ஆர்பெஜியோ (சேர்ந்து ஒலிக்கிற கோர்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) சுரம் சுரமாகக் கேட்காமல் எல்லாம் கலந்து இரைகிறது. எனக்குத் திறமை இல்லையா?

பதில்: மகன், திறமை உண்டா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. பாட்டு, கீபோர்ட், கிரிக்கெட் என்று பல பெயரில் இதே கேள்வி எனக்கு வருகிறது. என் கண்ணில் குத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி: "தம்பி கடையில் நிற்பான்."

ஓ.எல். எடுக்கிற பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீனி நிறுத்து, சவர்க்காரம் எடுத்துக் கொடுத்து, ஒன்பது மணிக்குக் கடை பூட்டிய பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறான். அந்த நேரத்தில் என்ன தலையில் ஏறும்? அப்பாவுக்கு முடியவில்லை என்றுதானே கடை உங்கள் கைக்கு வந்தது? அதை உங்களைவிடச் சின்னவன் தலையில் கட்டிவிட்டு அறைக்கதவைச் சாத்துவது மூத்த பிள்ளை செய்கிற வேலையா? அவன் வாய் திறந்து சொல்லமாட்டான். அண்ணா சொன்னால் நின்றுதானே ஆகவேண்டும்.

அவனிடமிருந்து எடுத்த நான்கு மணித்தியாலம் உங்கள் கிட்டாருக்காவது உதவியதா? அதுவும் இல்லை. சுரங்கள் கலப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இடது கை. ஏ மைனர் ஆர்பெஜியோவை எடுங்கள்: மூன்றாம் கம்பியில் 14ஆம் ஃபிரட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்), இரண்டாம் கம்பியில் 13, முதல் கம்பியில் 12, பிறகு அதே கம்பியில் சுண்டுவிரலுக்கு 17. நீங்கள் மூன்று விரலையும் கோர்ட் பிடிப்பதுபோல அழுத்தியே வைத்திருப்பீர்கள், மூன்று கம்பியும் சேர்ந்து ஒலிக்கத்தான் செய்யும். 13 ஒலித்த உடனேயே 14இல் இருக்கும் விரல் தளர வேண்டும். ஆனால் கம்பியை விட்டு எழும்பக் கூடாது, தொட்டபடி இருந்தால்தான் சத்தம் அடங்கும். வலது உள்ளங்கையின் ஓரம் தடித்த கம்பிகள் மேல் கிடக்கட்டும். பிக்கைத் தனித்தனியாகத் தட்டாமல், ஒரே இழுப்பில் அடுத்த கம்பியில் போய்ச் சாய விடுங்கள். பிக் கீழே இறங்கும்போது ஓடிவிட்டு 17இல் போய்த் தடுமாறுவதுதான் எல்லோருக்கும் வருகிற கோளாறு. தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு சுரம். அது சுத்தமாக விழும்வரை வேகத்தைத் தொடாதீர்கள்.

இப்படிக் காதைக் கொடுத்து வாசித்தால் 20 நிமிடத்திலேயே களைத்துப் போவீர்கள். காலையில் கடை திறப்பதற்கு முன் 20 நிமிடம், இரவில் 20 நிமிடம் போதும். பின்னேரம் கடையில் ஆள் இல்லாதபோது ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமலே மடியில் வைத்து, விரலும் பிக்கும் ஒரே நேரத்தில் கம்பிக்கு வருகிறதா என்று பாருங்கள். கம்பி அடங்குகிறதா என்பதை மட்டும் இரவில் ஆம்பில் டிஸ்டோர்ஷன் (கரகரப்பான ஒலி) போட்டுச் சோதியுங்கள். அந்த இரைச்சல் ஆம்ப் இல்லாமல் சரியாகத் தெரியாது.

அப்புறம், ஜேசன் பெக்கர். நீங்கள் அவருடைய விரல்களை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள். 20 வயதில் அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று தெரிந்தது. கை போனது, பேச்சும் போனது. கண் அசைவால் எழுத்துகளைச் சொல்லும் முறையொன்றை அவருடைய அப்பா உருவாக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவர் இசையமைத்தார் என்றால் வீட்டார் பக்கத்தில் இருந்ததால்தான். உங்கள் வீட்டில் இப்போது பக்கத்தில் இருக்க வேண்டியவர் நீங்கள்.

நாளை பின்னேரம் ஐந்து மணிக்குக் கடையில் நீங்கள் நில்லுங்கள். தம்பியை வீட்டுக்கு அனுப்புங்கள். கணிதப் பிரிவில் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்களே, கடை பூட்டிய பிறகு அரை மணித்தியாலம் அவனுக்குக் கணக்கும் சொல்லிக் கொடுங்கள். கிட்டாரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.