பூனையின் பெயர் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மூன்று வாரம் முன்பு ஒரு கறுப்புக் குட்டி வீட்டுக்கு வந்தான். இரண்டு மாதக் குட்டி. பள்ளி நாளிலிருந்தே எனக்கு அனிமே, அதுதான் ஜப்பானிய அசைவூட்டப் படங்கள், பைத்தியம். பூனை வளர்த்தால் அதிலிருந்துதான் பெயர் என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். பதினொரு பெயர் எழுதி, தோழிகளிடம் வாக்கெடுப்பு நடத்தி, ஜிஜி, லூனா, ஹாக்கு என்று மூன்றுக்கு வந்திருக்கிறேன். ஜிஜி என்றால் ஜப்பானிய மொழியில் கிழவனாமே? லூனா பெண் பூனையாயிற்றே? எதற்கு அந்நியப் பெயர் என்று அண்ணன் வேறு திட்டுகிறான். வைத்த பெயரைப் பிறகு மாற்றினால் பூனை குழம்புமா? எதை வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள். இப்போதைக்கு ‘டேய் குட்டி’ என்றுதான் கூப்பிடுகிறோம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினொரு பெயர் இருக்கிறது, வாக்கெடுப்பு இருக்கிறது, தோழிகள், அண்ணன் எல்லாரும் இருக்கிறார்கள். குட்டியைப் பற்றி இருப்பது கறுப்பு, ஆண், இரண்டு மாதம், அவ்வளவுதான். மூன்று வாரமாக உங்கள் காலைச் சுற்றித் திரிகிறவன் எங்கே படுக்கிறான், எந்தச் சத்தத்துக்குப் பதுங்குகிறான், யார் மடியில் ஏறுகிறான் என்று ஒரு வரி இல்லை. கோபமாகத்தான் சொல்கிறேன். அவனைப் பார்த்தே இராத பத்துப் பேர் ஓட்டுப்போட்டு அவனுக்குப் பெயர் வைப்பதாவது!

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஜிஜி ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ படத்தின் கறுப்புப் பூனை. அந்த ஒலிக்கு ஜப்பானிய மொழியில் கிழவன் என்ற பொருள் உண்டுதான். அதனால் என்ன, உள்ளங்கை அளவுக் குட்டியைக் ‘கிழவா’ என்று கொஞ்சக் கூடாதா? லூனா ‘செய்லர் மூன்’ தொடரின் கறுப்புப் பூனை. பெண் பெயர் உங்களுக்கு உறுத்தினால் விட்டுவிடுங்கள், அவனுக்கு உறுத்தாது. அண்ணனிடம் சொல்லுங்கள், லூனா லத்தீன் சொல், அவள் கூட்டாளி ஆர்ட்டெமிஸ் கிரேக்கப் பெயர். ‘மை நெய்பர் டோட்டோரோ’ படத்தில் வரும் டோட்டோரோவின் பெயரே, ஐரோப்பியக் கதைகளின் பூதமான ‘ட்ரோல்’ என்ற சொல்லை ஒரு நான்கு வயதுக் குழந்தை மழலையில் உளறியது. ஜப்பானியர்களே ஊரெல்லாம் பெயர் வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள். பெயரை மாற்றினால் குழம்புவானா என்றால், நாளாக நாளாகப் பழகிக்கொள்வான். 1995-இல் வந்த ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ படத்தில் ஒரே குண்டுப் பூனை ஓரிடத்தில் மூன், ஓரிடத்தில் முட்டா, இன்னோரிடத்தில் ஒட்டாமா. எல்லா இடத்துக்கும் போய்வருகிறது.

ஹாக்கு என்ற பெயரைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். போன வாரம்தான் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தை மறுபடி பார்த்தேன். அதிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஒரே காட்சி. பத்து வயதுப் பெண் வேலை கேட்டுச் சூனியக்காரி யுபாபாவின் முன் நிற்கிறாள். ஒப்பந்தத்தில் தன் பெயரை முழுதாக எழுதித் தருகிறாள். கிழவி காகிதத்தின் மேல் கையை நீட்ட, எழுத்துகள் தாளிலிருந்து கழன்று அவள் உள்ளங்கைக்குள் போகின்றன. சிஹிரோ என்ற பெயரில் ஓர் எழுத்துதான் மிச்சம், அதைத் தனியே படித்தால் ‘சென்’. இனி நீ சென் என்கிறாள். கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெண்ணுக்குத் தன் பெயர் மறக்கத் தொடங்கிவிடுகிறது. மறக்காதே, மறந்தால் வீட்டுக்குப் போக வழி தெரியாது என்று எச்சரிப்பவன் ஹாக்கு. அவனே தன் பெயரைத் தொலைத்தவன்தான். ஹாக்கு என்பது அவன் பெயரின் மிச்சம். அது ஒரு நதியின் பெயர் என்பதைக் கடைசியில் அவள் நினைவுபடுத்திய பிறகுதான் அவனுக்கு விடுதலை. நீங்கள் குட்டிக்கு வைக்கப் பார்ப்பது அந்தத் துண்டைத்தான், எஸ்.

2008-இல் தொடங்கிய, நாட்சுமே என்ற பையனின் கதையைச் சொல்லும் அனிமே தொடரையும் பார்த்திருப்பீர்கள். பாட்டி பந்தயத்தில் வென்று நோட்டில் கட்டிவைத்த பேய்களின் பெயர்களைப் பேரன் ஒவ்வொன்றாகத் திருப்பித் தருகிறான். காகிதத்தை வாயில் கவ்வி ஊதுகிறான், எழுத்து காற்றில் ஓடி உரியவரிடம் போய்ச் சேருகிறது. இதையெல்லாம் கண்கலங்கப் பார்த்த நாம், பெயர்ப் பட்டியலை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பூனையைத் தேடினால் எப்படி?

நானும் அதைத்தான் செய்தேன். சாம்பல் வரிக் குட்டி ஒருத்தி வந்தபோது, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நௌசிகா என்று வைத்தேன். ‘ஸ்பிரிட்டட் அவே’ எடுத்த இயக்குநர் மியாசாகியின் 1984-ஆம் வருடப் படத்து இளவரசி. அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. என்னையும் தங்கையையும் கூப்பிடுவது போலவே ‘அடி இவளே’ என்பாள், பூனை எழுந்து போகும். அம்மா அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் அண்ணன் வீட்டில் இருந்தாள். பூனை கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. நான் தரையில் படுத்து நௌசிகா, நௌசிகா என்று கெஞ்சுவேன். காதுகூட அசையாது. ஒருநாள் இரவு தங்கையிடம் போனில் சண்டை. ‘இவளே, நான் சொல்றதக் கேளுடி’ என்று கத்தினேன். கட்டிலுக்கடியிலிருந்து வந்துவிட்டாள். மீசையில் ஒட்டடை. என் முன்னால் உட்கார்ந்து, என்னைத் தாண்டி வாசற்கதவைப் பார்த்தாள்.

நௌசிகா என்பது ஒரு படத்துக்கு நான் செய்த மரியாதை. அதில் அவள் எங்கேயும் இல்லை. அம்மா திரும்பி வரும்வரை தினமும் இரவில் நானே ‘இவளே’ என்று கூப்பிட்டேன். அது என் குரலில் சரியாக வரவில்லை, ஆனாலும் வந்தாள்.

2019-இல் டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்சுகோ சைட்டோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 78 பூனைகள். ஒரே அளவு, ஒரே தாளத்தில் நான்கு வேறு சொற்களைக் கேட்கவிட்டு, ஐந்தாவதாகப் பூனையின் பெயரைச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத குரல் சொன்னாலும் பல பூனைகள் தம் பெயரைப் பிரித்தறிந்தன. பெரும்பாலும் எழுந்து வரவில்லை, காதோ தலையோ லேசாகத் திரும்பியது. நாம் கவனிக்காமல் விடுவது அந்தத் திருப்பத்தைத்தான்.

பட்டியலை ஒரு மாதம் மூடிவையுங்கள். வாக்கெடுப்பை நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் மூன்று வாரமாக ஒரு பெயர் புழங்கிக்கொண்டிருக்கிறது, அதைக் கடிதத்தின் கடைசி வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். இன்று இரவு விளக்கணைத்த பிறகு, அவன் உங்களைப் பார்க்காமல் படுத்திருக்கும்போது, மெல்ல ‘டேய் குட்டி’ என்று சொல்லிப்பாருங்கள். காது எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்கு எழுதுங்கள். அவன் எங்கே படுக்கிறான் என்பதையும்.

அன்புடன்,
அக்கா